கிரெடிட் கார்டு ஒரு மாதம் கட்டவில்லையா? உங்கள் கடன் பதிவில் என்ன எழுதப்படும்?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டு தெரியாமல் இருக்காது. மளிகைக் கடையில் அரிசி, பால்மாவு வாங்கினால் கடைக்காரர் அதில் எழுதி வைப்பார். சம்பளம் போட்டதும் அப்பா போய்க் கட்டுவார். ஒரு மாதம் முடியவில்லை என்றால், "அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஷயம் அந்தக் கடையோடு முடிந்துவிடும்.

லிங்கி, சிலியாவ், லாபு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இன்று செனவாங்கிலும் நீலாயிலும் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் கையில் இருப்பது கிரெடிட் கார்டு. இதற்கும் ஒரு நோட்டு உண்டு. ஆனால் அதை நாட்டின் எல்லா பேங்குகளும் திறந்து பார்க்க முடியும்.

அந்த நோட்டு யாரிடம் இருக்கிறது?

பேங்க் நெகாராவிடம். அதன் பெயர் சிசிஆர்ஐஎஸ். 2001 முதல் செயல்படும் இந்த மத்திய கடன் தகவல் முறைக்கு, உங்கள் கார்டு, மோட்டார் கடன், கார் கடன், வீட்டுக் கடன் எல்லாவற்றின் விவரத்தையும் பேங்குகள் மாதந்தோறும் அனுப்புகின்றன. பி.டி.பி.டி.என் கல்விக் கடனும் இதில் வரும்.

சிசிஆர்ஐஎஸ் உங்களுக்கு மார்க் போடாது. யாரையும் 'பிளேக்லிஸ்ட்' செய்யாது. எவ்வளவு கடன், எத்தனை மாத நிலுவை என்று மட்டும் காட்டும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த பேங்கே முடிவு செய்யும்.

சிடிஓஎஸ் என்பது வேறு. அது தனியார் நிறுவனம். 2010-ஆம் ஆண்டு கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. 300 முதல் 850 வரை மதிப்பெண் கொடுப்பது இதுதான். அந்த மதிப்பெண்ணில் அதிக எடை, நீங்கள் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கே.

தாமதமானால் முதலில் என்ன நடக்கும்?

முதல் அடி பணத்தில் விழும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கார்டில் 3,000 ரிங்கிட் பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறைந்தபட்சத் தவணை பாக்கியில் 5 விழுக்காடு, அல்லது 50 ரிங்கிட். இரண்டில் எது அதிகமோ அது. இங்கே 150 ரிங்கிட்.

கெடுநாளுக்குள் அதைக் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம் பாக்கியில் 1 விழுக்காடு. குறைந்தது 10 ரிங்கிட், அதிகபட்சம் 100 ரிங்கிட். இங்கே 30 ரிங்கிட்.

அடுத்தது வட்டி. தொடர்ந்து 12 மாதம் நேரத்தோடு கட்டியவருக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 15 விழுக்காடு. 12 மாதத்தில் 10 மாதமாவது நேரத்தோடு கட்டியவருக்கு 17. அதற்கும் குறைந்தால் 18. அதாவது ஒரே ஒரு மாதம் தவறினாலே 15 விழுக்காடு கைவிட்டுப் போகிறது. அதைத் திரும்பப் பெற இன்னொரு 12 மாதம் ஒழுங்காகக் கட்ட வேண்டும்.

பதிவில் எப்படித் தெரியும்?

சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் எதிரே கடந்த 12 மாதத்துக்கான எண்கள் வரிசையாக இருக்கும். நிலுவை இல்லாத மாதத்துக்கு 0. ஒரு மாத நிலுவைக்கு 1. இரண்டு மாதத்துக்கு 2. இப்படியே ஏறும்.

இரண்டு மூன்று நாள் தள்ளிக் கட்டினால் பொதுவாக அது தாமதக் கட்டணத்தோடு போய்விடும். முழுத் தவணையையே விட்டுவிட்டால்தான் எண் மாறும். 3-ஐத் தொட்டால் நிலைமை வேறு. மூன்று மாத நிலுவையை வாராக் கடன் கணக்கில் பேங்குகள் பார்க்கத் தொடங்கும். வக்கீல் நோட்டீஸ், வழக்கு என்று போகலாம். வழக்கு வந்தால் சிடிஓஎஸ் அறிக்கையிலும் ஏறும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மார்ச் மாதத் தவணையைக் கட்டவில்லை. ஏப்ரலில் ஒரு தவணை மட்டும் கட்டுகிறீர்கள். "இப்போ ஒழுங்கா கட்டுறேனே" என்று நினைப்பீர்கள். ஆனால் விட்டுப்போன அந்த ஒரு தவணை இன்னும் நிற்கிறது. எனவே ஏப்ரலிலும் 1, மே மாதமும் 1. விட்டதையும் சேர்த்துக் கட்டினால்தான் 0 வரும்.

இது ஏன் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு முக்கியம்?

தோட்டத்து வீடு வேலையோடு வந்த வீடு. அப்பா, அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், அல்லது தோட்டம் விற்கப்பட்டால், வீட்டைக் காலி செய்யும் கட்டாயம் வரும். சிரம்பானிலோ பஹாவிலோ ஒரு தாமானில் வீடு வாங்க வேண்டுமென்றால், பெரும்பாலும் பிள்ளையின் சம்பளத்தைக் காட்டித்தான் கடன் எடுக்க வேண்டியிருக்கிறது. அப்போது பேங்க் அதிகாரி முதலில் திறப்பது பிள்ளையின் கடன் பதிவைத்தான். 300 ரிங்கிட் ஹெட்ஃபோனுக்காக விட்ட இரண்டு தவணை, குடும்பத்தின் வீட்டுக்குக் குறுக்கே வந்து நிற்கலாம்.

கார்டு எடுக்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் வேண்டும். அதாவது மாதம் 2,000. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓவர்டைம் சேர்த்துத்தான் அந்தத் தொகையைத் தொடுகிறோம் என்றால் கவனம் தேவை. ஓவர்டைம் நின்ற மாதமும் தவணை நிற்காது.

இன்னொன்று, கார்டை இரவல் கொடுப்பது. "தம்பிக்கு போன் வேணும், உன் கார்டுல வாங்கிக் கொடு, அவன் கட்டிடுவான்" என்பது நம் வீடுகளில் சகஜம். தம்பி கட்டாவிட்டால் எண் ஏறுவது உங்கள் பெயரில்தான். பேங்குக்குத் தம்பியைத் தெரியாது.

ஏற்கெனவே விழுந்துவிட்டதா? என்ன செய்யலாம்?

முதலில் பதிவைப் பாருங்கள். பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் இணையச் சேவையில் பதிந்துகொண்டு உங்கள் அறிக்கையை இலவசமாகவே எடுக்கலாம். தவறான பதிவு இருந்தால் சம்பந்தப்பட்ட பேங்கிடம் எழுத்துப்பூர்வமாகச் சொல்லுங்கள். தகவலை அனுப்பியது அந்த பேங்க். திருத்தி அனுப்ப வேண்டியதும் அதுதான்.

பதிவு சரியாக இருந்து, தவறு உங்களுடையது என்றால், நிலுவை முழுவதையும் கட்டிவிட்டுக் காத்திருங்கள். அறிக்கை காட்டுவது கடைசி 12 மாதத்தை மட்டுமே. இந்த மார்ச்சில் விழுந்த 1, அடுத்த மார்ச் தாண்டியதும் வரிசையிலிருந்து விழுந்துவிடும். "500 வெள்ளி கொடுங்க, சிசிஆர்ஐஎஸ்-ல பேரை கிளியர் பண்ணித் தரோம்" என்று வாட்ஸ்அப்பில் வருபவர்களை நம்ப வேண்டாம். சரியான பதிவைக் காசு வாங்கிக்கொண்டு யாராலும் அழிக்க முடியாது.

கட்டவே முடியவில்லை என்றால், எண் 1-ஆக இருக்கும்போதே பேங்கைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதற்கும் மேல் போய்விட்டால் ஏ.கே.பி.கே இருக்கிறது. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு இது. ஆலோசனை இலவசம். பேங்குகளோடு பேசி, உங்கள் சம்பளத்துக்கு ஏற்ற தவணையை அமைத்துத் தருவார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும்வரை புதுக் கடன் கிடைப்பது கடினம். ஆனால் வட்டி முதலையிடம் போய் மாட்டிக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல்.

வீடு வாங்கும் எண்ணம் இருக்கிறதா? மனு போடுவதற்கு ஒரு வருடம் முன்பே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கார்டுக்குத் தானியங்கிக் கட்டணத்தைப் போட்டு வையுங்கள், குறைந்தபட்சத் தவணைக்காவது. பேங்க் பார்ப்பது 12 மாதம் என்றால், அதைச் சரி செய்ய உங்களுக்குத் தேவைப்படுவதும் அதே 12 மாதம்தான்.