ஒரு பாத்திரம், இரண்டு வேலை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டே படியுங்கள், விஷயமும் காபிதான்.

போன மாதம் மகன் வந்தபோது வீட்டில் வைக்கும் சிறிய எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். அவன் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் நானே காபி போட்டேன். முதலில் ஆவிக் குழாயைப் பாலில் விட்டு நுரை கட்டினேன். கையோடு காபியை இறக்கினேன். வீட்டம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "கரியைக் கரைச்ச மாதிரி இருக்கு. எனக்கு என் ஃபில்டரே போதும்" என்றார்.

இயந்திரம் சரியில்லை என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். பிறகு நான்கு நாள் உட்கார்ந்து படித்துப் பார்த்ததில், சரியில்லாதது நான்தான் என்று தெரிந்தது. படிக்கப் படிக்க அது ஒரு சரித்திரப் பாடமாகவே விரிந்தது.

எஸ்பிரெஸ்ஸோவுக்கு 90 முதல் 96 டிகிரி வரை சூடுள்ள நீர் வேண்டும். சூடு குறைந்தால் காபி புளிக்கும், மிஞ்சினால் கருகிக் கசக்கும். பாலை நுரைக்கும் ஆவிக்கோ இந்தச் சூடு போதாது. ஆவி வேகமாகச் சீற வேண்டுமென்றால் பாய்லருக்குள் அழுத்தம் ஏற வேண்டும். அழுத்தம் ஏறினால் நீரின் கொதிநிலையும் ஏறும். வெளிக்காற்றைவிட 1 பார் கூடுதல் அழுத்தத்தில் நீர் 120 டிகிரியில்தான் கொதிக்கும். நம் வீட்டு குக்கரிலும் இதே கணக்குதான். ஆக, காபிக்கு ஒரு சூடு, பாலுக்கு ஒரு சூடு, பாய்லரோ ஒன்று. இந்தச் சிக்கலை அவிழ்க்க இத்தாலிக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆயின.

1884-இல் டூரின் நகரில் நடந்த கண்காட்சியில் ஆஞ்சலோ மோரியோண்டோ என்பவர் நீராவியால் காபி இறக்கும் இயந்திரத்தைக் காட்டிக் காப்புரிமையும் பெற்றார். அது மொத்தமாகக் காபி இறக்கும் பெரிய சாதனம். 1901-இல் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா, ஒவ்வொரு கோப்பையையும் தனித்தனியாக, கேட்டவுடன் இறக்கும் வழியைக் கண்டார். அந்த உரிமையை வாங்கி டெசிடேரியோ பவோனி இயந்திரங்களைச் செய்து விற்றார். கடைக்காரர்களுக்கு வேகம் கிடைத்தது. ஆனால் காபித்தூளின் வழியே நீரைத் தள்ளியது பாய்லரின் ஆவியே. தள்ள அழுத்தம் வேண்டும். அழுத்தம் வேண்டுமென்றால் நீர் 100 டிகிரியைத் தாண்டியே ஆக வேண்டும். அதனால் அந்தக் காலத்து எஸ்பிரெஸ்ஸோவில் கருகல் வாசம் இருந்தது. வீட்டம்மா குடித்துவிட்டுக் கீழே வைத்தாரே, அதே காபிதான்.

அடுத்து வந்தவர் மிலானில் காபிக் கடை வைத்திருந்த அக்கில்லே காஜியா. 1938-இல் முதல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். போர் முடிந்து 1948 வாக்கில் அவருடைய நெம்புகோல் இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. நீரைத் தள்ளும் வேலையை ஆவியிடமிருந்து பிடுங்கிச் சுருள்வில்லிடம் கொடுத்தார். அழுத்தம் 8, 9 பார் வரை போனது. கோப்பையின் மேல் பொன்னிற நுரை படிந்தது. நீர் பாய்லரை விட்டு வெளியே வந்து உலோக உருளையைத் தொடுகையில் சூடு கொஞ்சம் இறங்கியதால் கருகலும் குறைந்தது. ஆனால் கூட்டம் அதிகமாகி அடுத்தடுத்துக் காபி போட்டால் அந்த உலோகமும் கொதித்துப் போகும். பாதிச் சிக்கல் மிச்சம் இருந்தது.

1961-இல் ஃபயேமா நிறுவனத்தின் எர்னெஸ்டோ வலென்டே, ஈ61 என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு இத்தாலியில் தெரிந்த முழுச் சூரிய கிரகணத்தின் நினைவாக வைத்த பெயர் அது. இதில் மின்சார பம்பு நீரைத் தள்ளியது. ஆவி பாய்லருக்குள் ஒரு குழாய் ஊடுருவிப் போகும். காபிக்கான புதுநீர் அந்தக் குழாய் வழியே ஓடும்போது சூடாகும், பாய்லர் நீரோடு கலக்காது. நல்ல யோசனைதான். ஆனாலும் இயந்திரம் சும்மா இருக்கும் நேரத்தில் குழாயில் தேங்கிய நீர் அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். அதைக் கொஞ்சம் வெளியே விட்டபிறகே காபி இறக்க வேண்டும்.

1970-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து லா மார்சோக்கோ நிறுவனம் தன் ஜிஎஸ் இயந்திரத்தில் காபிக்கு ஒன்று, ஆவிக்கு ஒன்று என்று இரண்டு பாய்லர்களையே வைத்துவிட்டது. நம் வீட்டுப் பெண்கள் டிகாக்‌ஷனுக்கு ஃபில்டரும் பாலுக்குத் தனிப் பாத்திரமும் வைப்பது போலத்தான்.

என்னிடம் இருப்பது போன்ற வீட்டு இயந்திரங்களில் விலைக்காகவும் இடத்துக்காகவும் பாய்லர் ஒன்றுதான். ஒரு விசையைப் போட்டால் காபிச் சூடு, இன்னொன்றைப் போட்டால் ஆவிச் சூடு. இதனால் வரிசை முக்கியம். முதலில் காபியை இறக்குங்கள். பிறகு ஆவி விசையைப் போட்டுச் சற்றுக் காத்திருங்கள். குழாயில் தேங்கிய நீரை வெளியே விட்டபின் பாலை 60, 65 டிகிரிக்குள் நுரையுங்கள். முடிந்ததும் ஆவி விசையை அணைத்து, சீறல் அடங்கும்வரை வெந்நீரை வெளியே ஓட விடுங்கள். பாய்லரில் புதுநீர் நிரம்பி அதுவும் ஆறும். நான் செய்தது நேர் தலைகீழ். ஆவிச் சூட்டில் இருந்த நீரைக் காபித்தூளில் விட்டேன்.

இதைப் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் காபி இல்லை, ஜேம்ஸ் வாட்.

30 ஆண்டுகளுக்கு மேல் உங்களுக்குத் தொழிற்புரட்சி நடத்தினேன். கெண்டியின் மூடி துள்ளுவதைப் பார்த்து வாட் நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தார் என்று கதை சொன்னேன். உண்மையில் தாமஸ் நியூகோமனின் எந்திரம் 1712-லேயே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது. அதில் ஒரே உருளையை ஆவியால் சூடாக்கி, அதையே குளிர்நீர் தெளித்து ஆற்றினார்கள். ஒவ்வொரு அடிக்கும் சூடு, குளிர், மறுபடி சூடு. எரிபொருள் வீணாய்ப் போனது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அந்த எந்திரத்தின் மாதிரியைப் பழுது பார்த்த வாட், 1765-இல் ஒன்றைக் கண்டுகொண்டார்: ஆவியைக் குளிர்விக்கத் தனியாக ஒரு பாத்திரம் வேண்டும். அவ்வளவுதான். ஒரு பாத்திரத்தின் இரண்டு வேலையைப் பிரித்தார். மிலானிலும் ஃபிளாரன்ஸிலும் பின்னாளில் நடந்ததும் இதேதான்.

ஒருமுறை பத்தாம் வகுப்புத் தேர்வில் "நீராவி எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என்ற ஒரு மதிப்பெண் கேள்விக்கு ஒரு பையன் "நியூகோமன்" என்று எழுதினான். சிவப்பு மையில் அடித்தேன். "நூலகப் புத்தகத்துல இருந்துச்சு சார்" என்று வந்து நின்றான். "பாடப்புத்தகத்துல இருக்கிறதை எழுது" என்று அனுப்பிவிட்டேன். அதன்பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

கண்டுபிடிப்பு என்றால் ஒரு பெயர், ஒரு ஆண்டு என்றே உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேன். முந்தினவர் விட்டுவைத்த குறையை அடுத்தவர் கையில் எடுத்ததுதான் சரித்திரம் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்க வேண்டும்.

தம்பி, நீ இந்தப் பக்கத்தைப் படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு மதிப்பெண் உன்னுடையதுதான். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. இப்போது காபி கருகுவதில்லை, வீட்டம்மாவே சாட்சி.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்