ஒரே கால், மூணு கொடி: லுத்மிலா எங்க்விஸ்ட்

பெண்கள் 100 மீட்டர் தடை ஓட்டத்துல 1991 உலக சாம்பியன் யாருன்னு தேடிப் பாருங்க. லுத்மிலா நரொஷிலென்கோ, சோவியத் யூனியன்னு வரும். 1997க்குத் தேடினா லுத்மிலா எங்க்விஸ்ட், ஸ்வீடன். பேரையும் நாட்டையும் வச்சு நான் டேட்டாபேஸ் டிசைன் பண்ணியிருந்தா இது ரெண்டு ஆள்னு பதிவாகியிருக்கும். ஆனா ஓடினது ஒரே ஆள்தான்.

1964ல ரஷ்யாவோட தம்போவ் பகுதியில பிறந்தவங்க. 1991ல டோக்கியோவில அமெரிக்காவோட கெயில் டெவர்ஸை முந்தி, 12.59 விநாடியில தங்கம் வாங்கினாங்க. அந்த வருஷம் முடியறதுக்குள்ள அவங்க ஜெயிச்சுக் கொடுத்த நாடே இல்லாம போச்சு. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்குக்குப் பழைய சோவியத் குடியரசுகளோட கூட்டு அணி. அப்புறம் ரஷ்யா. அதாவது, அவங்க எங்கேயும் போகல, நாடுதான் காலுக்குக் கீழ மாறிச்சு. 'கொடி மாறினவங்க'ன்னு பேசுறவங்க இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடறாங்க.

1993ல ஊக்கமருந்து சோதனையில மாட்டினாங்க. நாலு வருஷத் தடை. பிரிஞ்சுபோன கணவர் பழிவாங்க, தனக்குத் தெரியாம மருந்தைக் கலந்துட்டார்ங்கிறது அவங்க வாதம். ரஷ்ய நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு. 1995 கடைசியில சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பும் விதிவிலக்கான சூழ்நிலைன்னு சொல்லித் தடையை நீக்கிச்சு. இதுக்கு நடுவுல ஸ்வீடனைச் சேர்ந்த யோஹன் எங்க்விஸ்ட்டைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. 1996ல ஸ்வீடன் குடியுரிமையும் கிடைச்சது.

குடியுரிமை வாங்கி சில வாரம்தான், அட்லாண்டா ஒலிம்பிக். பத்துத் தடை, ஒவ்வொண்ணும் 83.8 சென்டிமீட்டர் உயரம், நடுவுல மூணு மூணு ஸ்டெப். ஒரு ஸ்டெப் பிசகினா கதை முடிஞ்சது. லுத்மிலா 12.58, ஸ்லோவேனியாவோட பிரிகிதா புகோவெச் 12.59. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் நடுவுல ஒரு விநாடியில நூத்துல ஒரு பங்கு! ஒலிம்பிக் தடகளத்துல தங்கம் வாங்கின முதல் ஸ்வீடன் பெண், நேத்து வந்த இந்த ரஷ்யாக்காரம்மா. அடுத்த வருஷம் ஏதென்ஸ்ல 12.50, மறுபடியும் உலக சாம்பியன்.

1999ல மார்பகப் புற்றுநோய். ஏப்ரல்ல அறுவை சிகிச்சை பண்ணி ஒரு மார்பகத்தை எடுத்துட்டாங்க. அப்புறம் கீமோதெரபி. ஆகஸ்ட்ல, செவில் உலகப் போட்டியில போய் நின்னாங்க. 12.47, வெண்கலம். நேரத்தைக் கவனிச்சீங்களா? அட்லாண்டாவுல தங்கம் வாங்கினதைவிட இது வேகம். அப்போ அவங்களுக்கு வயசு 35. இந்த இடத்துல ஸ்கிரிப்டை மூடிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனா கதை அங்க நிக்கல. ஓட்டத்தை விட்டுட்டு பாப்ஸ்லேவுக்குப் போனாங்க, அதாவது பனிப் பாதையில சறுக்கு வண்டிப் போட்டி. 2002 சால்ட் லேக் சிட்டியிலதான் பெண்கள் பாப்ஸ்லே முதல்முறையா ஒலிம்பிக்ல வந்தது. கோடை, குளிர்காலம் ரெண்டுலயும் தங்கம் வாங்கணும்னு ஆசை. அதுக்குச் சில மாசம் முன்னாடி, 2001ல, ஊக்கமருந்து சோதனையில மறுபடியும் மாட்டினாங்க. இந்தத் தடவை யார் மேலயும் பழி போடல. எடுத்தது நான்தான்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க.

உடனே 1993 கதையும் பொய்யா இருக்குமோன்னு எல்லாருக்கும் தோணும். எனக்கும் தோணுச்சு. ஆனா 2001ல செஞ்சதை வச்சு 1993க்குத் தீர்ப்பு எழுத முடியாது. ரெண்டு வேற வேற கேஸ். எனக்கு உறுத்துறது வேற விஷயம். இந்த மாதிரி ஆளுங்க ஜெயிக்கிற வரைக்கும் 'நம்ம பொண்ணு', மாட்டினா 'எங்கிருந்தோ வந்தவ'. பாஸ்போர்ட் சில வாரத்துல கைக்கு வந்துடலாம். தோத்த அப்புறமும் 'நம்மாளு'ன்னு சொல்ல எவ்வளவு நாள் ஆகும்?

அந்த செவில் பந்தயத்துல லுத்மிலாவுக்கு முன்னாடி, 12.44ல வெள்ளி வாங்கினவங்க நைஜீரியாவோட குளோரி அலோசி. 2001ல அவங்க ஸ்பெயின் குடிமகள் ஆனாங்க. 2002ல ஸ்பெயினுக்காக ஓடி ஐரோப்பிய சாம்பியன். அவங்க ஏன் போனாங்கங்கிறதை அடுத்த எபிசோட்ல பேசுவோம்.