பதுளை ரயில் பாதையும் தோட்டப்புறக் கடவைகளும்

பதுளை நகருக்கு ரயில் வந்து நூறாண்டுகள் கடந்து விட்டன. 1924 ஏப்ரல் 5 ஆம் திகதி பதுளை நிலையம் திறக்கப்பட்டதுடன் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 292 கிலோமீற்றர் நீளமான மலையகப் பாதை நிறைவு பெற்றது. 1867 இல் கண்டிக்கும், 1885 இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்த ரயில், ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்து பதுளையை அடைவதற்கு மேலும் சுமார் நாற்பது ஆண்டுகள் பிடித்தன. மலையைக் குடைந்தவர்களும், கல் சுமந்தவர்களும், பாதை அமைக்கையில் காய்ச்சலாலும் மண்சரிவாலும் மாண்டவர்களும் யார் என்பதை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. தெமோதரை வளைவைப் பற்றி மட்டும் ஒரு கதை வழங்கி வருகின்றது. செங்குத்தான இறக்கத்தில் பாதையை எவ்வாறு கொண்டு செல்வது என்று பொறியியலாளர் விமலசுரேந்திர தடுமாறியபோது, தோட்டக் கங்காணி ஒருவர் தமது தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டியதைப் பார்த்தே, பாதையைச் சுற்றி வளைத்து நிலையத்தின் அடியால் சுரங்கத்தில் செலுத்தும் யோசனை பிறந்ததாம். கதை மெய்யோ பொய்யோ, பொறியியலாளரின் பெயர் நிலைத்திருக்கின்றது. கங்காணியின் பெயர் நமக்குத் தெரியாது.

இப்பாதையின் தன்மையை விளங்கிக் கொண்டாலன்றி அதனைத் தரமுயர்த்துவது பற்றிப் பேசுவதில் பயனில்லை. பட்டிப்பொல நிலையத்தைக் கடந்ததும் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,898 மீற்றர் உயரத்தில் பாதை தன் உச்சியை அடைகின்றது. அவ்விடத்துச் சுரங்கத்தைத் தாண்டினால் ஊவா மாகாணம். ஒரு பக்கம் மழை கொட்டிக் கொண்டிருக்க, மறுபக்கம் வெயில் எறிப்பதைப் பயணம் செய்தோர் அறிவர். அங்கிருந்து ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை, தியத்தலாவை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல வழியாக சுமார் 652 மீற்றர் உயரத்திலுள்ள பதுளைக்கு ரயில் இறங்குகின்றது. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்தில் 1,240 மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம் இது. 44 அடிக்கு ஓர் அடி என்ற சரிவும், ஐந்து சங்கிலி, அதாவது நூறு மீற்றர் அளவேயான ஆரமுடைய வளைவுகளும் இப்பாதையில் உண்டு. நீலகிரி மலை ரயிலுக்கு உள்ளதுபோன்ற பற்சக்கரம் இங்கில்லை. அகலப் பாதையில் சாதாரணச் சில்லுகளாலேயே ரயில் ஏறி இறங்குகின்றது. எனவே இங்கு வேகத்தைக் கூட்டுவது எளிதன்று. கொழும்பிலிருந்து பதுளைக்கு ஏறத்தாழ பத்து மணித்தியாலப் பயணம் என்பதை அரைவாசியாகக் குறைப்போம் என எவராவது மேடையில் வாக்குறுதி வழங்குவாராயின், அவர் இப்பாதையைப் பார்க்கவில்லை என்றே நாம் கொள்ள வேண்டும்.

அப்படியாயின் தரமுயர்த்துவது என்றால் என்ன? மலைப்பாதையில் முதலிடம் பெற வேண்டியது நீர் வடிகாலே. தண்டவாளத்துக்கு மேற்புறமுள்ள சரிவில் பெய்யும் மழைநீர், கான்கள் தூர்ந்திருந்தால் பாதையின் அடித்தளத்துக்குள் இறங்குகின்றது. சல்லிக் கற்களுக்கிடையே சேறு நிரம்பினால் சிலிப்பர் கட்டைகள் உறுதியாக அமர்வதில்லை. கட்டைகள் தளர்ந்தால் வளைவுகளில் தண்டவாளம் விலகுகின்றது. மலையகப் பாதையில் ரயில் தடம் புரண்டது என்ற செய்தியை நாம் எத்தனை தடவைகள் பிரசுரித்திருப்போம்! எஞ்சின் புதிதா, பெட்டி புதிதா என்பதெல்லாம் அதற்குப் பின்னர் வரும் கேள்விகள்.

2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயல் இதனை மிகக் கொடூரமான முறையில் எடுத்துக் காட்டியது. நாடு முழுவதிலும் 600 க்கு மேற்பட்டோரைப் பலி கொண்ட அவ்வனர்த்தத்தில் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களே மிகப் பெரிய இழப்பைச் சந்தித்தன. மலையக ரயில் பாதையில் பல இடங்களில் மண்மேடுகள் சரிந்து விழுந்தன. வேறு இடங்களில் தண்டவாளத்தின் கீழிருந்த மண் அரித்துச் செல்லப்பட்டது. பாதை துண்டிக்கப்பட்டது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடிய துயரத்தை ஊவா மக்கள் மறக்கவில்லை. லயனுக்கு மேலுள்ள சரிவையும் தண்டவாளத்துக்கு மேலுள்ள சரிவையும் வெவ்வேறு திணைக்களங்கள் பார்த்தாலும், மலை ஒன்றுதான். ஆதலால் பாதையைப் புனரமைக்கையில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்களை ரயில்வே திணைக்களமும் தோட்டக் கம்பனிகளும் ஒரே மேசையில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டியது அவசியமாகும். முன்பிருந்தவாறே கட்டி முடிப்பது அடுத்த பெருமழை வரைக்குமான வேலையாகவே இருக்கும்.

இனி, கடவைகளுக்கு வருவோம். பெரும்பாலானோர் பேசாத விடயம் இதுவே.

ஊவாவின் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் இப்பாதை, லயன்களை ஒரு பக்கமும் தேயிலை மலைகளை மறுபக்கமும் பிரித்து வைத்துள்ளது. கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்கள், பாடசாலைப் பிள்ளைகள், கோயிலுக்கும் கடைக்கும் போவோர் என எல்லோரும் நாளுக்குப் பல தடவை தண்டவாளத்தைக் கடக்கின்றனர். வேறு பாதையில்லாத இடங்களில் தண்டவாளமே நடைபாதையாகி, சுரங்கங்களுக்குள்ளும் மக்கள் நடக்கின்றனர். ஹப்புத்தளையிலோ கடைத்தெருவை ஒட்டியே ரயில் செல்கின்றது. அத்துமீறித் தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்று அறிவுறுத்துவது எளிது. மாற்று வழி அமைத்துக் கொடுக்காதவர்கள் அதைச் சொல்லும்போது அதில் நியாயம் குறைந்து விடுகின்றது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 30 கிலோமீற்றர் என்ற மெதுவான வேகத்தில் வரும் ரயில் ஒரு செக்கனுக்கு எட்டு மீற்றருக்கு மேல் நகர்கின்றது. வளைவு காரணமாக நூறு மீற்றருக்கு அப்பால் எதுவும் தெரியாத கடவையில், ரயில் கண்ணில் பட்டபின் கிடைப்பது பன்னிரண்டு செக்கன்கள் மட்டுமே. தலையில் கொழுந்துக் கட்டுடன் ஏறும் பெண்ணுக்கும், தண்டவாளத்தில் சில்லு சிக்கிய முச்சக்கரவண்டிக்கும் அது போதாது. இறக்கத்தில் எஞ்சினின் இரைச்சலும் குறைவு. இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளைப் பகுதிகளில் மூடுபனி இறங்கினால் நூறு மீற்றர்கூடத் தெரியாது. சாரதியால் செய்யக்கூடியது ஊதுகுழலை ஒலிப்பது மட்டுமே. சரிவில் இறங்கும் ரயிலை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது.

கடவை விபத்தின் கோரத்தை இந்நாடு அறியாததன்று. 2005 ஏப்ரல் 27 இல் இதே பிரதான பாதையில், அலவ்வைக்கும் பொல்கஹவலைக்கும் இடையிலுள்ள யாங்கல்மோதரையில் ரயிலை முந்திக் கடக்க முயன்ற பஸ் வண்டி மோதுண்டு முப்பதுக்கு மேற்பட்டோர் பலியாகினர். அதன் பின்னர் பாதுகாப்பற்ற கடவைகளைப் பற்றி நிறையவே பேசப்பட்டது. பல இடங்களில் மூங்கில் தடியுடனோ கொடியுடனோ காவலர்கள் அமர்த்தப்பட்டனர். ஆனால் பொலிஸாரின் ஊடாகச் சேர்க்கப்பட்ட அக்காவலர்களுக்கு நாளொன்றுக்கு 250 ரூபா என்ற கொடுப்பனவே வழங்கப்பட்டு வந்தது. நிரந்தர நியமனம் கோரி அவர்கள் பல தடவை பணியிலிருந்து விலகியபோது கடவைகள் மீண்டும் வெறுமையாகின. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் காணாத தொகையைக் கொடுத்து, நூற்றுக்கணக்கானோரின் உயிரை ஒருவரிடம் ஒப்படைப்பது எந்த வகையில் நியாயமாகும்?

தோட்டப்புறக் கடவைகளின் நிலை இதனிலும் சிக்கலானது. தோட்டத்துக்குள் செல்லும் வீதி பெரும்பாலும் பிரதேச சபையின் வீதியுமன்று, மாகாண வீதியுமன்று. காணி அரசாங்கத்தினுடையது, 1992 முதல் அது பெருந்தோட்டக் கம்பனிகளின் முகாமைத்துவத்தின் கீழ் இருக்கின்றது, தண்டவாளமும் அதன் ஓரமும் ரயில்வே திணைக்களத்துக்குரியவை. கடவைக்குத் தடுப்பு வாயில் கேட்டால், வீதிக்குரிய அமைப்பு விண்ணப்பிக்கட்டும் என்பது திணைக்களத்தின் பதிலாக இருக்கும். வீதிக்குரிய அமைப்பு எது என்ற கேள்வியிலேயே விடயம் நின்று விடும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிட இடமளிக்கவில்லை. தோட்ட மக்கள் வாக்களித்தார்கள். உறுப்பினர்களையும் தெரிவு செய்தார்கள். ஆயினும் தம் வாசலுக்கு ஒரு வாளி சல்லிக்கல்லைப் பெறும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 2018 இல் தான் இச்சட்டம் திருத்தப்பட்டது.

ஆகவே அந்தச் சாட்டு இப்போது செல்லுபடியாகாது. 2025 மே மாதத் தேர்தலின் மூலம் பிரதேச சபைகள் மீண்டும் இயங்கத் தொடங்கின. ஹல்துமுல்லை, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, ஹாலிஎல சபைகள் தத்தம் எல்லைக்குள் மக்கள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்கள் ஒவ்வொன்றையும் நேரில் சென்று பதிவு செய்யலாம். வாகனம் செல்லும் கடவை எது, கால்நடையாகச் செல்லும் ஒற்றையடிப் பாதை எது, எங்கே பாடசாலைப் பிள்ளைகள் அதிகம், எங்கே வளைவு கண்ணை மறைக்கின்றது என்ற விபரங்களைத் திரட்டப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தரும், அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இருவரும் போதும். பதிவேட்டில் இல்லாத கடவைக்கு எந்தத் திட்டத்திலும் நிதி ஒதுக்கப்பட மாட்டாது.

இந்தியா 2019 ஜனவரி முடிவில் தனது அகலப் பாதைகளிலிருந்த காவலரற்ற கடவைகள் அனைத்தையும் ஒழித்து விட்டது. எல்லாவற்றுக்கும் மேம்பாலம் கட்டி அங்கு இதனைச் செய்யவில்லை. அருகருகே இருந்த கடவைகளை இணைத்து ஒன்றாக்கினார்கள், சிலவற்றை மூடினார்கள், சிலவற்றுக்குச் சிறு சுரங்கவழி அமைத்தார்கள், எஞ்சியவற்றுக்குக் காவலர்களை நியமித்தார்கள். ஊவாவில் இவற்றில் சிலவற்றுக்கு மலையின் அமைப்பே துணை நிற்கும். பாதை மேட்டின் மீது செல்லுமிடங்களில் நீர்க்கானுக்கு அருகே ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய வழியை அமைப்பது பெரிய காரியமன்று. பாதை மலையை வெட்டிச் செல்லுமிடங்களில் இரும்பு நடைபாலம் பொருந்தும். மின்விளக்கும் மணியும் பொருத்தப்படும் கடவைகளில் எச்சரிக்கைப் பலகைகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இருத்தல் வேண்டும். தமிழே வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட எச்சரிக்கை, எச்சரிக்கையாகாது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ காற்பங்கினர் தமிழரும் முஸ்லிம்களுமாவர். தோட்டங்களிலிருந்து பண்டாரவளைக்கும் பதுளைக்கும் படிக்கப் போகும் மாணவர், பதுளைப் பெரியாஸ்பத்திரியின் கிளினிக்குக்குச் செல்லும் முதியோர், கொழும்புப் புறக்கோட்டையில் சரக்கெடுத்து வரும் பதுளை, பண்டாரவளைக் கடைவீதி முஸ்லிம் வர்த்தகர், கொழும்பில் வேலை பார்த்துத் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் வீடு திரும்பும் இளைஞர் ஆகியோருக்கெல்லாம் பஸ் கட்டணத்திலும் குறைந்த மூன்றாம் வகுப்பு ரயில் பெரும் உதவி. ஆனால் அண்மை ஆண்டுகளில் எல்லவின் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காணவரும் உல்லாசப் பயணிகளின் திரள் இவர்களை மிதிபலகைக்குத் தள்ளியது. முன்பதிவுச் சீட்டுகள் தரகர்களின் கைக்குப் போய்ப் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. சுற்றுலா வருமானத்தை நாம் எதிர்க்கவில்லை. பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே பாடசாலை, அலுவலக நேரங்களுக்கு ஏற்ற குறுந்தூர ரயில்களும், நீண்டதூர ரயில்களில் முன்பதிவற்ற மூன்றாம் வகுப்புப் பெட்டிகளும் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்றே கேட்கின்றோம்.

சரக்குப் போக்குவரத்தையும் மறக்கலாகாது. இப்பாதை போடப்பட்டதே தேயிலைக்காக. தேயிலைப் பெட்டிகள் லொறிக்கு மாறிப் பல காலமாகின்றது. ஹப்புத்தளை எண்ணெய்க் களஞ்சியத்துக்கு எரிபொருள் ரயிலில் வந்ததை இப்பகுதி மக்கள் அறிவர். வெலிமடை, ஊவா பரணகமை மரக்கறி ஏறும் நிலையங்களில் குளிரூட்டிய பெட்டி ஒன்றாவது இணைக்கப்பட்டால் விவசாயிக்கும் பயன், ரயில்வேக்கும் வருமானம்.

ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் மோதாதிருக்க, நிலைய அதிபர் சாரதியிடம் வளையத்தில் கோத்துக் கொடுக்கும் உலோக வில்லையே பல தசாப்தங்களாக இங்கு காவலாக இருந்து வந்துள்ளது. 'டெப்லட்' எனப்படும் இம்முறை பழையதாயினும் நம்பகமானது. அவசரப்பட்டு அகற்றத் தேவையில்லை. ஆனால் எந்த நிலையத்திலிருந்து ரயில் புறப்பட்டது என்ற தகவல் அடுத்த நிலையத்துக்கு உடனடியாகக் கிடைக்கின்றது. அதே தகவலை இடையிலுள்ள கடவைக் காவலருக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிவிக்க முடியும். புதிய சமிக்ஞைத் தொகுதிக்கான கடனுதவி வரும்வரை அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை; நாளைக் காலையே ஆரம்பிக்கலாம்.