மிதிவண்டியும் மின்விசையும்

பழைய சைக்கிளுக்கு மோட்டார் பூட்டுவது நலமா, மின்வண்டியையே விலைக்கு வாங்குவது நலமா? தோட்டத்தாரும் பட்டணத்தாரும் நம்மை இவ்வாறு வினவுகின்றனர். இவ்வினா புதிதன்று, சரித்திரம் இதற்கு முன்பே விடை பகர்ந்துள்ளது.

1895-ம் ஆண்டில் ஆக்டன் போல்டன் என்னும் அமெரிக்கர், சைக்கிளின் பின்சக்கரக் குடத்திலேயே மின்மோட்டாரை அமைத்து உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று பழைய வண்டிகளிற் பூட்டப்படும் சக்கர மோட்டாருக்கு அதுவே முன்னோடி.

போரினால் நலிந்த ஜப்பானில், 1946-ல், சோயிச்சிரோ ஹோண்டா இராணுவத்தின் எஞ்சிய ஒயர்லெஸ் ஜெனரேட்டர் எஞ்சின்களைச் சைக்கிள்களிற் பூட்டி விற்றார். வறியோர் வாங்கிப் பயனடைந்தனர். ஆயினும், காலின் பலத்திற்கென்று செய்த சட்டம் எஞ்சினின் வேகத்தை எத்துணை நாள் தாங்கும்? 1949-ல் அவர் கம்பெனியே சட்டம், எஞ்சின் இரண்டையும் செய்து 'டிரீம்' என்னும் முழுவண்டியை வெளியிட்டது. 1993-ல் யமாஹா கம்பெனி, மிதிக்கும் விசையை அளந்து மோட்டார் துணைசெய்யும் சைக்கிளை விற்பனைக்குக் கொணர்ந்தது.

நாமும் தந்தையார் விட்டுச்சென்ற சைக்கிளுக்கு மோட்டார் பூட்ட விழைந்தோம். முன்கவையிற் கீறல் கண்டு கைவிட்டோம். தோட்டத்துச் செம்மண் இறக்கத்தில் அது முறிந்திருப்பின் இக்கட்டுரை எழுத நாம் இரோம்.

ஆகவே அன்பர்களே! சட்டமும் பிரேக்கும் உறுதியாயின் பூட்டுங்கள். இன்றேல் காசு சேர்த்து வாங்குங்கள். சிங்கப்பூர்வாசிகள் அரசாங்க அங்கீகாரம் பெற்ற வண்டியையே கொள்க. பழமையென்று பற்றுதலும் புதுமையென்று கடன்படுதலும் அறிவுடைமை ஆகா.