பிள்ளை பெத்தவளுக்கு மூணு மாசம்

சில வருஷங்களுக்கு முன்னாடி தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்த நாலாம் நாள், உம்மா என் கையில் ஒரு சீட்டைத் திணித்து நாட்டு மருந்துக் கடைக்கு அனுப்பினார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, ஓமம், சதகுப்பை, கருஞ்சீரகம், பெருங்காயம், பனங்கருப்பட்டி. நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியதாக இருக்கணும், பூண்டு மலைப்பூண்டாக இருக்கணும் என்று வாய்மொழி உத்தரவு வேறு. கடைக்காரர் சீட்டை முழுசாகப் படிக்கவே இல்லை. முதல் ரெண்டு வரியைப் பார்த்ததுமே, "பிள்ளை பெத்த மருந்தா தம்பி? சுகப்பிரசவமா, ஆபரேஷனா?" என்று கேட்டுவிட்டு டப்பாக்களைத் திறக்க ஆரம்பித்தார்.

நாகூரில் இதெல்லாம் புதுசு இல்லை. சரக்கை வறுத்து, இடித்து, சலித்து, கருப்பட்டிப் பாகில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கிண்டினால் திரண்டு வரும். தினமும் காலையில் ஒரு நெல்லிக்காய் அளவு. இதோடு பூண்டுக் குழம்பு. கடற்கரை ஊர் என்பதால் பத்தியத்திலும் மீன் உண்டு. பால் ஊறணும் என்றால் பால் சுறாப் புட்டு. உடம்பெல்லாம் எண்ணெய் தடவி, நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதித்த தண்ணீரைப் பதமாக ஆற்றி ஊற்றி, பழைய நூல் சேலையைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டி, ஈரத் தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவார்கள். (ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கட்டெல்லாம் டாக்டரைக் கேட்டுத்தான்.)

என் மனசில் நின்றது மருந்து இல்லை. சீட்டில் இருந்த சரக்கு சில நூறு ரூபாயில் முடிந்துபோனது. அதை இடிக்கிறதுக்கும், கிண்டுறதுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அழுகிற பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு "நீ செத்த நேரம் படும்மா" என்று சொல்றதுக்கும் வீட்டில் ஆள் இருந்தது. அந்த ஆள் இல்லாத பெண் என்ன செய்வாள்? இந்தக் கேள்வியோடு கொஞ்சம் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். நம்ம தஞ்சாவூர்ச் சீமையிலேயே அதற்கு ஒரு பதில் 1801ல் எழுதப்பட்டுக் கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

அதற்கு முன்னால், நாற்பது நாள் கணக்கைப் பார்த்துவிடுவோம். எங்கள் பக்கம் பிள்ளை பெத்தவள் நாற்பதாம் நாள் குளிப்பு முடிந்துதான் வெளியே தலை காட்டுவாள். மார்க்கச் சட்டத்தில் பிரசவத்துக்குப் பிந்திய உதிரப்போக்கின் உச்ச வரம்பு ஹனஃபிகளுக்கு 40 நாள். ஷாஃபிகளுக்கு 60 நாள், ஆனால் வழக்கமாக 40 என்பார்கள். பக்கத்து இந்து வீடுகளில் தீட்டு பத்துப் பதினோரு நாளில் கழிந்தாலும், கோயிலுக்குப் போக நாற்பது நாள் ஆகவேண்டும் என்று பார்க்கிற குடும்பங்கள் நிறைய. யூதர்களின் பழைய வேதத்தில் ஆண் குழந்தை பெற்றவளுக்கு 7ம் 33மாக நாற்பது. மலாய்க்காரர்கள் 44 நாள் 'பந்தாங்' இருப்பார்கள். சீனர்கள் ஒரு மாசம். இன்றைய மருத்துவம் ஆறு வாரம், அதாவது 42 நாள் என்கிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறக்குறைய அவ்வளவு நாள் ஆகிறது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லாரும் பெண்ணின் உடம்பைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பழசு எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணீர் அதிகம் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று தொண்டை காய விட்டதும் இதே வீடுகளில்தான். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததும் நாம்தான். ஜன்னலைச் சாத்தி, புகை போட்டு, வியர்த்துக் கிடக்க வைத்ததை இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. அந்த விஷயங்களில் நர்சம்மாக்கள் சண்டை போட்டு ஜெயித்தது நல்லதே.

நாகூர், காரைக்கால், கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரிக் கடற்கரை முஸ்லிம் ஊர்களில் ஒரு வசதி உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பொண்ணு பெரும்பாலும் தாய் வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து போவார். வீடும் பொண்ணு பேருக்கே போகும். இதற்குக் காரணம் கடல் வாணிபம் என்று சொல்வதுண்டு. சபுராளிகள் பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்பிப் போனால் எப்போது திரும்புவார்கள் என்று சொல்ல முடியாது. 1970கள் வரைக்கும் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்களில் எத்தனை பேர் பிள்ளை பிறந்த சேதியைக் கடுதாசியில் தெரிந்துகொண்டார்களோ! வாப்பா பக்கத்தில் இல்லாத பிரசவங்கள் இந்த ஊரில் சர்வசாதாரணம். ஆனால் உம்மா பக்கத்தில் இல்லாத பிரசவம் அபூர்வம். நாற்பது நாள் என்பது இங்கே தனியாக ஏற்பாடு செய்யவேண்டிய ஒன்றாக இருந்ததில்லை. வீட்டின் அமைப்பிலேயே இருந்தது.

இப்போது சாலைக்கு வருவோம்.

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற வழியெல்லாம் மராட்டிய ராஜாக்கள் சத்திரங்கள் கட்டி வைத்திருந்தார்கள். காசியிலிருந்து கால்நடையாக வருகிறவர்கள், சந்நியாசிகள், ஃபக்கீர்கள், கூலி தேடி அலைகிறவர்கள் என்று பலரும் தங்கிய இடங்கள். வேடிக்கை என்னவென்றால், நிறையச் சத்திரங்களுக்கு அரண்மனைப் பெண்களின் பேர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள். ஒரத்தநாட்டில் முத்தம்மாள், ஏட்டில் முக்தாம்பாள். அவர் சரபோஜியின் அன்புக்குரிய பெண். சாகும் தறுவாயில் அன்னதானம் செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் என்பது ஊர்ப்பேச்சு. அந்தச் சத்திரம் 1802ல் வந்தது.

1799 உடன்படிக்கையில் சரபோஜி ராஜ்ய அதிகாரத்தைக் கும்பினிக்காரர்களிடம் கொடுத்துவிட்டார். கோட்டையும் கொஞ்சம் வருமானமும் மிச்சம். அவருக்குப் பெரிய கவலை சத்திரங்கள். சத்திரத்து நிலங்களின் வருமானம் போய்விட்டால் அடுப்பு அணைந்துவிடும். அதனால் 1801ல் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். 1870களில் வில்லியம் ஹிக்கி எழுதிய தஞ்சை மராட்டியர் வரலாற்றில் இந்தக் கடிதம் அச்சாகியிருக்கிறது. சத்திரங்களில் என்னவெல்லாம் நடக்கிறது என்று ராஜா ஒவ்வொன்றாகச் சொல்கிறார். எல்லாச் சாதியாருக்கும் சோறு. நோயாளிக்கு மருந்தும் பத்தியச் சாப்பாடும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குச் சாப்பாடு, துணி, எண்ணெய்க் குளியல், படிப்பு. கைக்குழந்தைகளுக்குப் பால்.

நடுவில் கர்ப்பிணிகள் வருகிறார்கள். வழியில் வருகிற கர்ப்பிணியை அன்போடு கவனிக்கிறோம், சத்திரத்திலேயே பிள்ளை பெற்றால் பிரசவச் செலவு சத்திரத்தைச் சேர்ந்தது, அதற்குரிய மருந்து கொடுக்கிறோம், பிள்ளை பெற்ற பிறகு மூன்று மாதம் வரை அங்கேயே தங்கலாம் என்கிறார்.

மூன்று மாதம்! இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போனேன். சத்திரம் என்றாலே ராத்தங்கல், மறுநாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புவது என்பதுதான் நமக்குப் பழக்கம். அதில் ஒருத்தி மட்டும் தொண்ணூறு நாள் இருக்கலாம். நாற்பது நாள் கூட இல்லை, அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எனக்குத் தோன்றுவது இதுதான்: தீட்டுக் கணக்குப் பார்த்திருந்தால் பதினோரு நாளிலோ நாற்பது நாளிலோ அனுப்பியிருப்பார்கள். இது நடைக் கணக்கு. பச்சை உடம்போடு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நூறு இருநூறு மைல் நடக்கப்போகிறவளுக்கு எவ்வளவு தெம்பு வேணும், தலை நிற்காத பிள்ளைக்கு எப்போது தலை நிற்கும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். மூணு மாசத்தில் பிள்ளைக்குத் தலை நின்றுவிடும்.

ராஜா தன் சொத்தைக் காப்பாற்ற எழுதிய கடிதம்தானே, கொஞ்சம் மெருகு ஏற்றியிருக்க மாட்டாரா என்று கேட்கலாம். ஏற்றியிருக்கலாம். எல்லாச் சத்திரத்திலும் எல்லாப் பெண்ணும் ஒரே மாதிரி நடத்தப்பட்டிருப்பார்கள் என்று நம்ப நானும் தயாரில்லை. பந்தியில் சாதி பார்த்த காலம் அது. வைத்தியர்களைப் பற்றிச் சொல்கிற ராஜா, பிரசவம் பார்த்த கை யாருடையது என்று சொல்லவில்லை. டெல்டா ஊர்களில் அந்த வேலையைச் செய்தது நாவிதர் வீட்டுப் பெண்கள். மருத்துவச்சி என்ற பேரே அவர்களுக்குத்தான். 1909ல் வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் பற்றிய தொகுதியும் இதைச் சொல்கிறது. ரத்தம் துடைத்து, தொப்புள்கொடி அறுத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் தண்ணி ஊற்றியவர்களுக்கு நெல்லும் பழைய சேலையும் கூலி. வாசலோடு சரி, உள்ளே சமமாக உட்கார முடியாது. ஆனாலும், பிள்ளை பெத்தவளுக்கு மூணு மாசச் செலவு ஒரு அரசின் கடமைகளில் ஒன்று என்று எழுத்தில் வைத்ததை லேசாகத் தள்ளிவிட முடியாது.

அதே காலத்தில் ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் ஏழைப் பெண்கள் பிள்ளை பெற ஆஸ்பத்திரிகள் இருந்தன. ஆனால் பிரசவக் காய்ச்சலில் அங்கே செத்தவர்கள் ஏராளம். 1847ல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவ வார்டுக்கு வருகிற மாணவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்த பிறகுதான் அந்த வார்டில் சாவு குறைந்தது. மருத்துவச்சிகள் பார்த்த பக்கத்து வார்டில் அதற்கு முன்பே சாவு குறைவு. சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844ல் தொடங்கியது. இன்றைக்கு எழும்பூரில் இருப்பது அதன் தொடர்ச்சி.

சட்டம் மெதுவாக வந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919ல் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஓய்வு என்றது. இந்தியாவின் 1961ம் வருஷத்துச் சட்டம் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 12 வாரம். 2017ல் அது 26 வாரம் ஆனது. சம்பளச் சீட்டு வாங்குகிற வேலைக்குத்தான் இது. நம்ம டெல்டாவில் நாற்று நடுகிற பெண்ணுக்கு எந்த முதலாளி லீவு எழுதுவான்? நடவு நேரத்தில் பச்சை உடம்போடு சேற்றில் இறங்கினவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை வரப்பு மரத்தில் தூளியில் தொங்கும். புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரில் 1987ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய உதவித் திட்டம் இந்தப் பெண்களை நினைத்து வந்தது. முதலில் 300 ரூபாய். 2006ல் 6,000, 2011ல் 12,000, 2018ல் 18,000 என்று ஏறியது. கடைசித் தொகையில் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வருகிறது.

இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். தாய்கள் பிழைக்கிறார்கள். சந்தேகமே இல்லாமல் இது பெரிய வெற்றி. ஆனால் 2011ல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் இலவசச் சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு மூணு நாள், ஆபரேஷனுக்கு ஏழு நாள். அதற்குப் பிறகு வண்டி வைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் உம்மா இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வண்டி கிளம்புகிறது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வந்த வெளிமாநிலப் பெண்ணுக்கும், சென்னையில் பத்தாவது மாடியில் புருஷனும் பெண்டாட்டியுமாக மட்டும் இருக்கிற குடும்பத்துக்கும் அந்த வண்டி எங்கே போய் நிற்கும்? சரபோஜியின் சத்திரத்துக்கு வந்தவள் இவள்தான், ஊர் பேர் மட்டும் வேறே.

தங்கச்சி பிரசவம் அரசு ஆஸ்பத்திரியில். வீட்டுக்கு வரும்போது ஒரு பெட்டகம் கொடுத்து அனுப்பினார்கள். 2015ல் தொடங்கிய திட்டம். பதினாறு பொருள் இருக்கும். துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு, கிலுகிலுப்பை எல்லாம் பிள்ளைக்கு. தாய்க்கு என்று ஒரு குளியல் சோப்பு, கை கழுவுகிற திரவம், அப்புறம் ஒரு டப்பா: சௌபாக்கிய சுண்டி லேகியம். சுண்டி என்றால் சுக்குதான். நான் மருந்துக் கடையிலிருந்து பொட்டலங்களோடு வந்தபோது உம்மா அந்த டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவர்மெண்ட்டு பரவாயில்லையே" என்றார்கள். இன்னொரு தரம் தொட்டு வைத்துவிட்டு, "ஆனா சுக்கு பத்தலை. இனிப்பு தூக்கலா இருக்கு. நீ அந்த இரும்புச்சட்டிய எடு."