துயர நாளும் அரசு விடுமுறையும்: ஜனவரி 30-ஐ முன்வைத்து

இந்தியாவில் நாடு முழுமைக்கும் பொதுவான தேசிய விடுமுறை நாள்கள் மூன்று. அவை ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்பன. முன்னைய இரண்டும் அரசின் பிறப்பைக் குறிப்பன. மூன்றாவது ஒரு மனிதரின் பிறப்பைக் குறிப்பது. அம்மனிதர் 1948-இல் தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட ஜனவரி 30 இப்பட்டியலில் இடம்பெறவில்லை. அன்று அலுவலகங்கள் இயங்குகின்றன, பள்ளிகள் நடைபெறுகின்றன, முற்பகல் 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் மட்டும் கடைப்பிடிக்கப்படுகிறது. பிறந்த நாளுக்கு விடுமுறை வழங்கிய அரசு இறந்த நாளுக்கு வழங்காமை குறையா, நிறையா என்பது ஆராயத்தக்க வினா. நாட்டின் பெருந்துயர் ஒன்றின் ஆண்டு நாளைப் பொது விடுமுறையாக்குதல் நினைவைக் காக்குமா, கரைக்குமா என்பதை ஜனவரி 30-ஐ முதன்மையாகக் கொண்டும், ஒப்புநோக்கத்தக்க வேறு சில நாள்களைத் துணையாகக் கொண்டும் இக்கட்டுரை காண முற்படுகிறது.

பொது விடுமுறை என்பது இந்தியச் சட்டத்தில் எங்கு வரையறுக்கப்பட்டுள்ளது என்பதை முதற்கண் நோக்குதல் வேண்டும். 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் 25-ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. உறுதிச் சீட்டோ மாற்றுச் சீட்டோ முதிர்வடையும் நாள் பொது விடுமுறையாக அமைந்தால், அதற்கு முந்தைய வேலை நாளிலேயே அது முதிர்ந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். ஞாயிற்றுக்கிழமையும், அரசு தன் அரசிதழில் அறிவிக்கும் பிற நாள்களும் பொது விடுமுறை எனப்படும். ஆக, சட்டத்தின் கண்ணில் விடுமுறை என்பது கொடுக்கல் வாங்கல் தொடர்பான ஓர் ஏற்பாடு. போற்றுதலோ இரங்கலோ அதன் பொருளில் இல்லை. தாத்ரா–நகர் ஹவேலியின் விடுதலை நாளான ஆகஸ்டு 2-ஐ விடுமுறையாக்க வேண்டும் என்று தொடுக்கப்பட்ட வழக்கில், பொது விடுமுறை பெறுவது எவருக்கும் சட்டப்படியான உரிமையன்று என்று மும்பை உயர் நீதிமன்றம் 2022 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நாட்டில் விடுமுறைகள் மிகுந்துவிட்டன என்னும் கருத்தையும் அது தெரிவித்தது. வணிகச் சட்டம் ஒன்றின் விளக்கக் குறிப்பிலிருந்து பிறந்த சொல்லின் மீது ஒரு நாட்டின் துயரத்தை ஏற்றிவைக்க முனைவதில் உள்ள இடர்ப்பாட்டை இதனால் உணரலாம்.

வேலையை நிறுத்துதல் என்னும் செயலுக்கு விடுமுறையினின்றும் வேறான மற்றொரு மரபும் இந்நாட்டில் உண்டு. அதன் தோற்றத்தில் சென்னைக்கும் பங்குண்டு. 1919 மார்ச்சில் ரௌலட் சட்டம் நிறைவேறிய செய்தி வந்தபோது காந்தி சென்னையில் இராஜாஜியின் விருந்தினராகத் தங்கியிருந்தார். உறக்கத்திற்கும் விழிப்பிற்கும் இடைப்பட்ட விடியற்பொழுதில், கனவில் தோன்றியது போல அவ்வெண்ணம் தமக்கு வந்ததென்றும், காலையில் அதை இராஜாஜியிடம் கூறியதாகவும் அவர் தம் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். நாடு முழுவதும் ஒரு நாள் தொழிலை நிறுத்தி, நோன்பிருந்து, வழிபாட்டில் ஈடுபட வேண்டும் என்பதே அவ்வெண்ணம். முஸ்லிம்கள் ஒரு நாளுக்கு மேல் அவ்வாறு நோன்பிருக்க உடன்பட மாட்டார்கள் என்பதைக் கருதி நோன்பு 24 மணி நேரத்துக்கு வரையறுக்கப்பட்டது. முதலில் மார்ச் 30 என்றும் பின்னர் ஏப்ரல் 6 என்றும் நாள் குறிக்கப்பட்டது. மாற்றம் அறியாத தில்லி மார்ச் 30-லேயே கடையடைத்தது. துப்பாக்கிச் சூட்டையும் சந்தித்தது.

இந்த ஹர்த்தாலுக்கும் அரசு விடுமுறைக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. ஹர்த்தாலில் கடையை அடைப்பவன் தன் வரவை இழக்கிறான். வேலைக்குச் செல்லாதவன் தன் கூலியை இழக்கிறான். இழப்பே அந்நாளுக்குப் பொருள் தருகிறது. அரசு விடுமுறையிலோ மாதச் சம்பளம் பெறுபவருக்கு இழப்பு எதுவுமில்லை, ஓய்வு கிடைக்கிறது. நாள் கூலியாளருக்கு இழப்பு உண்டு, ஆயின் அது அவர் விரும்பி ஏற்றதன்று. ஏப்ரல் 6-ஐயும், அடுத்த ஒரு வாரத்தில் ஜாலியன்வாலா பாக்கில் மக்கள் சுட்டு வீழ்த்தப்பட்ட ஏப்ரல் 13-ஐயும் இணைத்துத் தேசிய வாரம் என விடுதலை இயக்கத்தினர் ஆண்டுதோறும் கடைப்பிடித்தனர். இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. ஏப்ரல் 13 பஞ்சாபில் வைசாகித் திருநாள். 1919-இல் தோட்டத்தில் கூடியிருந்தோருள் திருநாளுக்காக அமிர்தசரசு வந்த ஊர்ப்புறத்தாரும் இருந்தனர். துயர நாள் ஏற்கெனவே விழா நாளாக இருந்தமையால் அதைத் தனித்த விடுமுறையாக்கும் கேள்வியே அங்கு எழ வழியில்லை. எனினும் பஞ்சாப் அந்நாளை மறந்துவிடவில்லை.

துயரத்தை விழாவாக மாற்றும் போக்கு தமிழ்ப் புலமையுலகிற்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை கூறுவதை நினைவுகூர்க. மதுரை தீயுண்ட பின்னர்ப் பாண்டிய நாடு மழை பொய்த்து, வறுமையும் நோயும் உற்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பத்தினிக்குக் களவேள்வியோடு விழாவெடுத்துச் சாந்தி செய்தான். நாடு நோய் நீங்கியது. இலங்கைக் கயவாகு ஆடித் திங்களில் பலமுறை விழா எடுத்தான் என்றும் அப்பகுதி கூறுகிறது. ஆடித் திங்கள் என்பது தற்செயலான குறிப்பாகத் தோன்றவில்லை. மதுரை எரியுண்ணப்படும் என்று முன்னரே உரைக்கப்பட்டிருந்ததாகக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் சொல்லும் நாளும் ஆடித் திங்களின் தேய்பிறை எட்டாம் நாள், வெள்ளிக்கிழமையே. பேரழிவு நிகழ்ந்த திங்களே விழாவின் திங்களாகிறது. ஆனால் அவ்விழாவை எடுத்தவன் யார் என்பது முக்கியம். குற்றம் புரிந்த அரசின் வழித்தோன்றல் குற்றத்தை ஏற்று, அதற்கு ஈடாகப் பலியிடுகிறான். களவேள்வியில் பொற்கொல்லர் ஆயிரவர் பலியானதாக நூல் பதிகத்தை அடுத்துக் கூறும் செய்தி இன்றைய அறவுணர்வுக்கு ஏற்புடையதன்று; ஒருவன் செய்த வஞ்சத்துக்கு ஓர் இனத்தைப் பொறுப்பாக்கும் கொடுமை அதில் உள்ளது. துயர நாளை அரசு தன் கையில் எடுக்கும்போது பழி எவர்மீது இறங்கும் என்னும் அச்சத்துக்கு அதுவே பழஞ்சான்று.

அவ்வச்சம் வீணானதன்று என்பதை அண்டை நாடான வங்கதேசத்தின் அண்மை வரலாறு காட்டும். 1975 ஆகஸ்டு 15-இல் சேக் முஜிபுர் ரகுமான் குடும்பத்தினர் பலருடன் படுகொலை செய்யப்பட்டார். 1996-இல் அவர் மகள் சேக் ஹசீனாவின் அரசு அந்நாளைத் தேசியத் துக்க நாளாகவும் பொது விடுமுறையாகவும் அறிவித்தது. 2002-இல் காலிதா ஜியாவின் அரசு அவ்விடுமுறையை நீக்கியது. 2008-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அது மீண்டும் வந்தது. 2024 ஆகஸ்டில் ஹசீனா நாட்டை விட்டு வெளியேறிய சில நாள்களில் இடைக்கால அரசு அதனை மறுபடியும் நீக்கியது. ஏறத்தாழ 28 ஆண்டுகளில் ஒரு கொலையின் நினைவு நாள் இருமுறை ஏற்றப்பட்டு இருமுறை இறக்கப்பட்டது. கொலையுண்டவர்களுள் சிறுவனும் இருந்தான், பெண்களும் இருந்தனர் என்பதோ, நிகழ்ந்தது குற்றம் என்பதோ இவ்வேற்ற இறக்கங்களில் மாறவில்லை. மாறியது நாட்காட்டியை வைத்திருந்த கை மட்டுமே.

இந்தியாவிலும் இதற்கு இணையான போக்கு இல்லாமலில்லை. உத்தரப் பிரதேச அரசு 2017 ஏப்ரலில் பெரியோர் நினைவு நாள்கள் உள்ளிட்ட 15 விடுமுறைகளை நீக்கியது. அம்பேத்கர் மறைந்த டிசம்பர் 6-உம் அவற்றுள் ஒன்று. அந்நாள்களில் பள்ளிகளை மூடுவதினும் அப்பெரியோரைப் பற்றி மாணவர்க்குக் கற்பிப்பதே தக்கது என்பது கூறப்பட்ட காரணம். காரணம் தன்னளவில் வலுவுடையதே. எனினும் ஒருமுறை அளித்த விடுமுறையைப் பறிப்பது, அளிக்காமலே இருப்பதினும் ஆழமான காயத்தை ஏற்படுத்தும். மும்பை தாதரில் உள்ள சைத்திய பூமிக்கு டிசம்பர் 6-இல் ஆண்டுதோறும் திரளும் இலட்சக்கணக்கான மக்கள் எந்த அறிவிப்புக்காகவும் காத்திருந்து அங்கு வரத் தொடங்கியவர்கள் அல்லர் என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.

போபால் நிகழ்வு இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவு கடந்து யூனியன் கார்பைடு தொழிற்சாலையிலிருந்து கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டு நச்சு வளி, உறங்கிய நகரின் மீது படர்ந்தது. உயிரிழந்தோர் எண்ணிக்கை பற்றி அரசும் பாதிக்கப்பட்டோரும் இன்றுவரை உடன்படவில்லை. டிசம்பர் 3 போபால் நகருக்கு மட்டும் உரிய உள்ளூர் விடுமுறை; அன்று அனைத்துச் சமய வழிபாடு நடைபெறும். அதே நேரத்தில் பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் முந்தைய இரவில் தீவட்டி ஊர்வலமும் மறுநாள் பேரணியும் நடத்தி இழப்பீடும் மருத்துவமும் கேட்டு வந்துள்ளன. தொழிற்சாலை வளாகத்தில் கிடந்த சுமார் 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் பீதம்பூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு அவ்வாண்டிலேயே எரிக்கப்பட்டது. இடைப்பட்ட 40 ஆண்டுகளில் விடுமுறை தவறாது வந்தது. கழிவு அங்கேயே கிடந்தது. விடுமுறை இல்லாதிருந்தால் கழிவு விரைந்து அகன்றிருக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு நாளை விடுவித்ததன் மூலம் கடன் தீர்ந்தது என்னும் எண்ணத்தை அரசுக்கு எளிதில் தரக்கூடியது விடுமுறை என்பதை மறுத்தலும் அரிது.

இனி ஜனவரி 30-க்கு மீள்வோம். அந்நாளின் அரசுப் பெயர் தியாகிகள் நாள். இப்பெயரே ஒரு சிக்கல். தியாகி என்பவர் தம்மை ஈந்தவர், வினை அவருடையது. காந்தியோ கொல்லப்பட்டவர்; வினை நாதுராம் கோட்சேயுடையது. இந்தியில் வழங்கும் ஷஹீத் என்னும் சொல்லுக்கு மூலமான அரபுச் சொல் சான்று பகர்பவர் என்னும் பொருளுடையது; தமிழில் அப்பொருளும் மறைந்துவிடுகிறது. விடுதலைப் போரில் உயிர் நீத்தார் அனைவரையும் நினைவுகூரும் நாளாக அது விரிக்கப்பட்டதில் பெருந்தன்மை உண்டு. அவ்விரிவில் கொலை என்னும் செய்தி பின்னுக்குத் தள்ளப்பட்டது என்பதும் உண்மை.

மௌனத்தின் நேரமும் இத்தகையதே. கொலை நிகழ்ந்தது மாலை 5.17 மணியளவில். மௌனமோ முற்பகல் 11 மணிக்கு. 10.59-க்குச் சங்கொலி, 11.02-க்கு மீண்டும் சங்கொலி என்னும் உள்துறை அமைச்சகத்தின் ஏற்பாடு, முதல் உலகப்போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11-இன் 11-ஆம் மணியை நினைவுகூரப் பிரித்தானியப் பேரரசு 1919-இல் தொடங்கிய வழக்கத்தை அப்படியே ஒத்துள்ளது. அந்த வழக்கத்தின் தாயகத்தில் நவம்பர் 11 விடுமுறையாகவில்லை என்பதும், பிரான்சு 1922-இல் அதனை விடுமுறையாக்கியது என்பதும் குறிக்கத்தக்கன. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஏப்ரல் 25-ஆகிய அன்சாக் நாளில் ஓர் இடைவழியைக் கண்டன. நியூசிலாந்தில் முற்பகல் துக்கத்துக்குரியது, பிற்பகல் 1 மணிக்குப் பின் கடைகள் திறக்கலாம்.

ஜனவரி 30 வேலை நாளாக இருப்பதால் விளைந்த நன்மைகளும் உள. தமிழ்நாட்டில் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி அன்று எடுக்கப்படுகிறது. நாடு முழுவதும் அது தொழுநோய் எதிர்ப்பு நாளாகவும் கடைப்பிடிக்கப்படுகிறது. காந்தி தொழுநோயாளர்க்குத் தம் கையால் பணிவிடை செய்தவர். தம் பிறந்த நாளையும் இராட்டையின் நாளாகக் கொள்க என்று, உழைப்பின் வழியே கொண்டாடச் சொன்னவர் அவர். விடுமுறையாகிவிட்ட அக்டோபர் 2-இல் நூற்போர் எத்தனை பேர் என்று கேட்பது சற்றுக் கடுமையாகலாம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: தமிழ்நாட்டின் கிராம சபைக் கூட்டங்கள் விடுமுறை நாள்களாகிய ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றில் பல்லாண்டுகளாக நடைபெற்று வருகின்றன. உழைப்போர் கூடிப் பேச ஓய்வு வேண்டும் என்னும் வாதத்துக்கு அது வலுவான சான்று. ஆயினும் ஜனவரி 26-க்கு நான்கே நாள்களுக்குப் பின்னர் மற்றொரு விடுமுறை வருமாயின் அது கூட்டத்துக்கு வழிவகுப்பதினும் தொடர் விடுப்புக்கும் பயணத்துக்கும் வழிவகுக்கவே வாய்ப்பு மிகுதி.

எனவே விடுமுறை வேண்டா என்பதே இவ்வாய்வின் முடிபு. மாற்றத்தக்கது மௌனத்தின் நேரம். 11 மணி மௌனம் அலுவலகத்துக்கும் வகுப்பறைக்கும் உரியது. அங்குள்ளோர் எழுந்து நிற்கின்றனர், அமர்கின்றனர். மாலை 5.17 மணி சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் தொழிற்சாலை வாயிலுக்கும் உரிய நேரம். அந்நேரத்தில் ஒலிக்கும் சங்கு, விடுமுறை ஒருபோதும் எட்டாத நாள் கூலியாளரையும் நடைபாதை வணிகரையும் எட்டும். அவர்கள் இழப்பது இரண்டு நிமிடமே. தில்லியில் அவர் இறுதியாக நடந்த வழி கல்லடிச் சுவடுகளாகக் குறிக்கப்பட்டுள்ளது. வழிபாட்டுக் கூட்டத்துக்குச் சில நிமிடம் தாழ்ந்துவிட்டதால் அன்று அவர் விரைந்து நடந்தார்.