தள்ளுவண்டியும் தள்ளும் கைகளும்

அரசரின் தேர்களுக்கும் படைகளின் பீரங்கி வண்டிகளுக்கும் சரித்திர நூல்களிற் பல பக்கங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. குழந்தையை இருத்தித் தள்ளிச் செல்லும் சிறு வண்டிக்கு அங்கே ஒரு வரி கிடைப்பதும் அரிது. குழந்தை வளர்ப்புப் பெண்களின் அலுவல். பெண்களின் அலுவல் வீட்டுக்குள் அடங்குவது. வீட்டுக்குள் நிகழ்வது சரித்திரமாகாது என்ற எண்ணமே இதற்குக் காரணம். உண்மையில், ஒரு சமுதாயத்தில் உழைப்பு எவ்வாறு பங்கிடப்பட்டிருந்தது, தெரு யாருக்கு உரியதாயிருந்தது, ஓய்வு யாருக்கு வாய்த்தது என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு இச்சிறு வண்டி நல்ல சாட்சியாகும். இன்று நமது நகரக் கடைகளிலும் இவ்வண்டிகள் விதவிதமாக வந்து நிற்கின்றன. ஓடியாடித் திரியும் குடும்பத்துக்கு ஏற்றது எது என்று இளம் பெற்றோர் வினவுகின்றனர். விடை கூறுமுன், இவ்வண்டி கடந்து வந்த வழியைச் சற்றே நோக்குவோம்.

1733 ஆம் ஆண்டில், கட்டடக் கலைஞரும் தோட்டக் கலைஞருமான வில்லியம் கென்ற் என்பார், இங்கிலாந்தின் மூன்றாம் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக ஒரு வண்டியை அமைத்துக் கொடுத்தார் என்பர். சிப்பி வடிவான அவ்வண்டியை ஆடோ சிறு குதிரையோ இழுத்துச் செல்லலாம். பரந்த மாளிகைத் தோட்டத்திற் பிரபுவின் பிள்ளைகள் உலாவிக் களிப்பதற்கான விளையாட்டுப் பொருளே அது. அம்மாளிகையின் நிலங்களிற் பாடுபட்ட குடியானவப் பெண்ணின் குழந்தைக்கோ, உலகெங்குமுள்ள உழைப்பாளரின் குழந்தைகளுக்குப் போலவே, தாயின் இடுப்பும் முதுகுமே வாகனங்களாயிருந்தன.

அடுத்த நூற்றாண்டில் ஆடும் குதிரையும் மறைந்தன. வண்டியின் பின்புறத்தில் கைபிடி தோன்றியது. 1840 களில் விக்டோரியா மகாராணியின் அரண்மனைக்குத் தள்ளுவண்டிகள் வாங்கப்பட்டதும், வசதி படைத்தோர் அனைவரும் அவற்றை நாடினர். 1853 இல் சார்ல்ஸ் பேர்ட்டன் என்பவர் இத்தகைய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். நாம் பிராம் என்று சுருக்கமாக வழங்கும் சொல், சுற்றி நடத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்திலிருந்து வந்ததாகும். இயந்திரத் தொழில் பெருகிச் செல்வம் சேர்த்த நடுத்தர வர்க்கத்தினர், தம் குழந்தைகளையும் தம் அந்தஸ்தையும் பூங்காக்களிலே ஒருங்கே உலாவவிட்டனர். 1877 இல் லீட்ஸ் நகரில் வில்லியம் வில்சன் தொடங்கிய தொழிற்சாலை போன்றவை, நமது வில்வண்டிகளிற் போல வில் பொருத்திய கனத்த வண்டிகளைச் செய்து விற்றன. அவ்வண்டியை நிறுத்த வீட்டிலே விசாலமான முன்மண்டபம் வேண்டும். தள்ளிச் செல்லக் கூலிக்கு ஒரு பெண்ணும் வேண்டும். குதிரை விட்டுச் சென்ற இடத்தில் வேலைக்காரி வந்து நின்றாள் என்பதே இம்மாற்றத்தின் சாரம்.

ஏகாதிபத்தியம் அவ்வேலைக்காரியைக் கடல் கடந்தும் தேடிக்கொண்டது. கீழைத் தேசங்களிலிருந்து தாயகம் திரும்பிய ஆங்கிலக் குடும்பங்கள், கப்பற் பிரயாணத்திற் குழந்தைகளைப் பராமரிக்க ஆயாக்களை உடனழைத்துச் சென்றன. கரை சேர்ந்ததும் அவர்களிற் பலர் திரும்பிச் செல்ல வழியின்றிக் கைவிடப்பட்டனர். இவ்வாறு நிர்க்கதியான இந்திய, சீனப் பெண்களுக்குப் புகலிடமளித்த ஆயாக்கள் இல்லம் ஒன்று இலண்டனில் இருந்தது. 1900 முதல் அது ஹக்னிப் பகுதியில் இயங்கிற்று. அவ்வீட்டுச் சுவரில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது 2022 இலேதான். அவர்கள் வளர்த்த குழந்தைகள் ஆளுநர்களாயும் தளபதிகளாயும் நூல்களில் இடம்பெற்றனர். வளர்த்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் நமக்குக் கிட்டவில்லை.

நமது தலைநகரிலும் ஒரு கல் இதே கதையைச் சொல்கின்றது. காலிமுகத்திடலின் உலாவீதி 1859 இல் நிறைவெய்தியபோது, தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அதனைக் கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலன் கருதிப் பேணுமாறு தம் பின்வருவோருக்குக் கல்லிற் பொறித்து விட்டுச் சென்றார். எந்தச் சீமாட்டிகள்? எந்தக் குழந்தைகள்? அக்காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்த தொழிலாளர் பலர், நோயாலும் பசியாலும் வழியிலே மாண்டனர். அவ்வழியில் தாயின் இடுப்பிற் சென்ற குழந்தையின் நலனை எந்தக் கல்லும் சிபாரிசு செய்யவில்லை.

இவ்வண்டியைச் சீர்திருத்திய கைகளுள் ஒடுக்கப்பட்ட இனத்தின் கையும் ஒன்று. அமெரிக்காவிற் கறுப்பினத் தாய்மார் தலைமுறை தலைமுறையாக எசமானரின் குழந்தைகளை வளர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டிருந்தனர். அடிமைமுறை 1865 இல் ஒழிந்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், 1889 யூன் 18 அன்று, பால்டிமோர் நகரத்துக் கறுப்பினத்தவரான வில்லியம் றிச்சாட்சன் 405,600 ஆம் இலக்கக் காப்புரிமையைப் பெற்றார். அவரது வண்டியில் தொட்டிற் பகுதியைத் திருப்பிப் பொருத்தலாம். குழந்தை வெளியுலகையும் பார்க்கலாம், தள்ளுபவரின் முகத்தையும் பார்க்கலாம். இன்று கடைக்காரர் புதுமை எனக் காட்டும் இவ்வசதி நூற்றாண்டைக் கடந்த பழைமையுடையது.

மலிந்தும் பழசாகியும் வண்டி உழைப்பாளர் குடிசைகளை அடைந்தபோது அதன் இயல்பே மாறிற்று. கிளாஸ்கோ போன்ற தொழில் நகரங்களிற் பெண்கள் பழைய பிராமில் அழுக்குத் துணிகளை ஏற்றிப் பொதுச் சலவைக்கூடத்துக்குச் சென்றனர். நிலக்கரியும் அதிலேயே வந்தது. 1940 யூன் மாதம் நாஜிப் படைகளுக்கு அஞ்சிப் பிரான்சின் வீதிகளில் இலட்சக் கணக்கான மக்கள் ஓடியபோது, எஞ்சிய உடைமைகளையும் குழந்தைகளையும் தாங்கிச் சென்றவற்றுள் இவ்வண்டிகளும் இருந்தன. இதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1925 இல், ஐசன்ஸ்ரைன் தமது 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' திரைப்படத்தில், ஒடெஸ்ஸாப் படிக்கட்டில் தாய் சுடப்பட்டு விழக் குழந்தையுடன் தனியே உருண்டோடும் வண்டியைக் காட்டியிருந்தார். கொடுங்கோன்மையைக் காட்ட அக்கலைஞர் தேர்ந்த பொருள் இச்சிறு வண்டியே. பிடித்திருந்த கை வீழ்ந்தால் வண்டி என்னவாகும் என்பதை அக்காட்சி உலகுக்கு உணர்த்திற்று.

இரண்டாம் உலகப் போரின் பின் இங்கிலாந்தில் வாழ்க்கை முறை மாறிற்று. வீட்டுக்கு வீடு இருந்த பணிப்பெண்கள் அருகினர். மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பஸ்ஸிலும் றெயிலிலும் குழந்தையோடு செல்லும் தாய்க்குக் கனத்த பிராம் விலங்காயிற்று. வெளிநாட்டிலிருந்து பேரக்குழந்தையுடன் வந்த மகள் படும் சிரமத்தைக் கண்ட ஓவன் மக்லாரன் என்னும் பொறியியலாளர், 1965 இல் மடித்துக் கையிலெடுக்கும் வண்டியை வடிவமைத்தார். 1967 முதல் அது சந்தைக்கு வந்தது. அலுமினியக் குழாய்களாலான அதன் நிறை மூன்று கிலோகிராமுக்கும் குறைவு. அவரே முன்னர் ஸ்பிற்பயர் போர்விமானத்தின் மடிசில்லுகளை அமைப்பதிற் பங்குகொண்டவர். போருக்குப் பயன்பட்ட அறிவு தாயின் கைச்சுமையைக் குறைக்க வந்தமை மகிழ்ச்சிக்குரியது.

1984 இல் அமெரிக்காவின் யாக்கிமா நகரத்துப் பத்திரிகையாளர் பில் பெக்லர், தம் குழந்தையையும் கொண்டு ஓடுவதற்கெனத் துவிச்சக்கரவண்டிச் சில்லுகள் பூட்டிய மூன்று சில்லு வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஓடும் பழக்கமுள்ள தந்தை ஒருவர் குழந்தையை வீட்டில் விட்டுச் செல்லாது உடன்கொண்டு சென்றதன் விளைவு இது. இரண்டரை நூற்றாண்டுகளின் பின் கைபிடியில் ஆணின் கை வெளிப்படையாகப் படிந்தது எனலாம்.

இனி, முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். மாடிப்படி ஏறியிறங்கிப் பஸ்ஸிற் செல்லும் குடும்பத்துக்கு நிறை குறைந்த மடிப்பு வண்டியே உகந்தது. ஒரு கையாற் குழந்தையை ஏந்தி மறுகையால் மடிக்க முடிகின்றதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கீல்களையும் கவனித்தல் அவசியம். அங்கே விரல்நுனிகள் சிக்கிச் சிதைந்தமையால் 2009 இல் அமெரிக்காவில் ஏறக்குறையப் பத்து இலட்சம் வண்டிகளுக்கு மூடியுறை வழங்க நேர்ந்தது. கரடுமுரடான ஒழுங்கைகளுக்குக் காற்றடைத்த பெருஞ்சில்லுகள் வேண்டும். ஓடுவோர்க்கு அசையாது பூட்டத்தக்க முன்சில்லும், மணிக்கட்டிற் கட்டும் வாரும், குழந்தையைப் பிணைக்கும் ஐந்துமுனைப் பட்டியும் இன்றியமையாதவை. கழுத்து நிலைக்காத சிசுவை நிமிர்த்தி இருத்தலாகாது. ஆறு மாதமேனும் நிரம்பாத குழந்தையோடு ஓடவும் ஆகாது. கைபிடியிற் சந்தைப் பைகளைத் தொங்கவிட்டால் வண்டி பின்புறம் கவிழும். வெயிலுக்கென முழுவதும் துணியால் மூடினால் உள்ளே வெப்பம் தேங்கும்.

இத்தனையும் பார்த்து வாங்கிய வண்டி, தெருவாயிலில் நடைபாதையின் விளிம்பிலே தடைப்பட்டு நின்றால் என்ன பயன்? அமெரிக்காவின் கலமசூ நகரில் 1945 இல் போரில் உறுப்பிழந்தோருக்காக நடைபாதை விளிம்புகள் சரிவாக்கப்பட்டன. 1970 களில் பேர்க்லி நகரத்து மாற்றுத்திறனாளிகள் போராடி அவ்வுரிமையை விரிவாக்கினர். அவர்கள் வென்ற சரிவில் இன்று தாய்மாரின் வண்டிகளும் இலகுவாக ஏறுகின்றன. இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2012 இல் இங்கிலாந்தில் ஒரு பஸ்ஸில் இருந்த ஒரேயொரு இடத்துக்காகச் சக்கரநாற்காலிப் பிரயாணியும், உறங்கும் குழந்தையின் வண்டியோடு நின்ற தாயும் எதிரெதிரே நிற்க நேர்ந்தது. வழக்கு 2017 வரை நீண்டு உச்ச நீதிமன்றத்தை எட்டிற்று. வேண்டிக் கேட்பதோடு சாரதியின் கடமை தீர்ந்துவிடாது என நீதிமன்றம் கூறிற்று. நல்லது. எனினும், இருவருக்கும் இடமளிக்கும் பஸ்ஸை ஏன் செய்யவில்லை என்ற வினா எஞ்சியே நிற்கின்றது. இடத்தைச் சுருக்கியவர் ஒருபுறமிருக்க, இடமற்றோர் ஒருவரோடொருவர் மோதுவது வர்க்க சமுதாயத்திற் பழைய கதையே.

நமது மலையகத்திற் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் தன் குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச் செல்கின்றாள். அவள் ஏறும் படிப்பாதையில் எந்தத் தள்ளுவண்டியும் ஏறாது. அவளுக்கு வேண்டியவை நல்ல காற்றோட்டமுள்ள காம்பராவும், பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும், பாலூட்ட நேரமும், வாழத்தக்க கூலியுமாம். ஆதலால் வண்டி தேடும் பெற்றோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: நல்லதைத் தேர்ந்து வாங்குங்கள், தாயும் தந்தையும் மாறிமாறித் தள்ளுங்கள், அது தடையின்றி உருள நடைபாதை கேட்டு நகரசபையின் கதவைத் தட்டுங்கள். தட்டும்போது, வண்டி வாங்க வழியற்ற தாயையும், சக்கரநாற்காலியில் வருபவரையும் உடனழைத்துச் செல்லுங்கள்.